சம்பளம் கேட்பார்கள், கடன் கேட்க மாட்டார்கள்

வாசகி கேட்கிறார்:

ஐயா, கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் வாடகை அடுக்குமாடியில் இருக்கிறோம். எனக்கு 36 வயது, தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு 39, டெக்னிஷியன். இருவர் சம்பளமும் சேர்த்து 9,400 வெள்ளி (ரிங்கிட்). பிடித்தம் போகக் கைக்கு வருவது 8,100. வாடகை 1,500, மைவி காருக்கு 620, எக்ஸ்50 காருக்கு 1,050, பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு 200. கிரெடிட் கார்டில் 9,000 நிற்கிறது. மாமியாருக்கு மாதம் 500 கொடுக்கிறோம். இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு நர்சரி 600. வங்கியில் சேமிப்பு 18,000. இபிஎஃப் சேமநிதியில், வீட்டுக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் அவருக்கு 31,000, எனக்கு 22,000.

போன மாதம் கணவரின் சித்தப்பா மகன் சிராஸில் 1.45 மில்லியனுக்கு செமி-டி (ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய) வீடு வாங்கிப் புதுமனை புகுவிழா வைத்தார். அந்தத் தம்பதியின் சம்பளம் இரண்டும் சேர்ந்தாலும் 14,000-ஐத் தாண்டாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எப்படி முடிகிறது? அந்த விருந்திலிருந்து திரும்பிய நாள் முதல் இவர் சரியாகப் பேசுவதில்லை. “நாம மட்டும்தான் இப்படியே கிடக்கிறோம்” என்கிறார். போன வாரம் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு ரசீது இருந்தது. செமினியில் இனிமேல்தான் கட்டப்போகும் 780,000 வெள்ளி இரட்டை மாடி வீட்டுக்கு 2,000 வெள்ளி புக்கிங். என்னிடம் சொல்லவே இல்லை. கேட்டால், “டெபாசிட்டே வேண்டாம், ஃபுல் லோன், எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க” என்கிறார். வருகிற சனிக்கிழமை கையெழுத்து. நாங்கள் எங்கே தவறு செய்தோம்?

மாமனார் 2016-இல் இறந்துவிட்டார். செலாயாங் வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மாமியார் அங்கே தனியாக இருக்கிறார். பேச்சை எடுத்தால் அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வரும் என்று யாரும் பேசுவதில்லை.

ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிராஸ் வீடு கண்ணில் பட்டது. இரண்டாம் முறை செலாயாங் வீடு. உங்கள் கேள்வி முதல் வீட்டைப் பற்றியது. விடையில் பாதி இரண்டாம் வீட்டுக்குள் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

22 ஆண்டுகள் ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். “இவர்களுக்கு எப்படி முடிகிறது?” என்று ஊரே கேட்கும் குடும்பங்களின் கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும். பேஸ்லிப், இபிஎஃப் அறிக்கை, சிசிரிஸ் எனும் கடன் விவரத் தாள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் ஐந்து நிமிடத்தில் கதை தெரிந்துவிடும். அந்தக் கதையில் சம்பளம் பெரும்பாலும் துணைப் பாத்திரம்தான். நம் ஆட்கள் விருந்தில் பக்கத்து இலைக்காரரிடம் “சம்பளம் எவ்வளவு தம்பி?” என்று கூசாமல் கேட்பார்கள். “கடன் எவ்வளவு?” என்று கேட்டவரை நான் இன்னும் பார்த்ததில்லை. அதனால் சம்பளத்தை மட்டும் தெரிந்துகொண்டு வீட்டு விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கணக்கு உதைக்கிறது. உதைக்காமல் என்ன செய்யும், பாதிக் கணக்குதானே கையில் இருக்கிறது?

உங்கள் கணவரின் சித்தப்பா மகனை எனக்குத் தெரியாது. ஆனால் 14,000 சம்பளத்தில் 1.45 மில்லியன் வீடு எடுத்தவர்களைத் தெரியும். ஒரு தம்பதியைச் சொல்கிறேன். 2009-இல் பூச்சோங்கில் 230,000 வெள்ளிக்கு ஒரு சின்ன இரட்டை மாடி எடுத்தார்கள். அப்போது இருவருக்கும் சேர்த்துச் சம்பளம் ஐயாயிரம்கூட இல்லை. உறவுக்காரர்கள் “அவ்வளவு தூரத்தில் போய் யார் இருப்பார்?” என்று சிரித்தார்களாம். 2023-இல் அதை 600,000-க்கு விற்றார்கள். வங்கிக்குக் கட்ட வேண்டிய மீதியைக் கட்டிய பிறகும் நாலரை லட்சத்துக்குப் பக்கத்தில் கையில் நின்றது. வாங்கி ஐந்து ஆண்டு தாண்டிய வீட்டை ஆறாம் ஆண்டு முதல் விற்கும் குடிமக்களுக்கு 2022 முதல் ஆதாய வரியும் கிடையாது. அந்தப் பணத்தை முன்பணமாக வைத்தபோது மீதிக் கடன் ஒரு மில்லியன்தான் வந்தது. மாதத் தவணை 4,500. பதினாலாயிரம் சம்பளத்தில் இறுக்கம்தான், ஆனாலும் கட்டிவிடலாம். நீங்கள் விருந்தில் பார்த்தது அவர்களுடைய சம்பளத்தை இல்லை, 2009-இல் எடுத்த முடிவை. நாட்டின் வீட்டு விலைக் குறியீடு 2010-க்கும் 2020-க்கும் இடையில் ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்த ரயிலில் ஏறியிருந்தவர்கள் ஏறியிருந்தார்கள். அப்போது உங்களுக்கு இருபது சொச்சம் வயது, உங்கள் கணவர் பிடிபிடிஎன் கடனோடு முதல் வேலையில் இருந்திருப்பார். இதில் யாருடைய கெட்டிக்காரத்தனமும் இல்லை, யாருடைய தவறும் இல்லை.

இன்னொரு வகை, அப்பா அம்மா பணம். இதைத்தான் நம் வீடுகளில் மூடி வைப்பார்கள். அப்பா 55 வயதில் எடுத்த இபிஎஃப், அம்மா பெட்டியில் வைத்திருந்த சங்கிலி, தாத்தா தோட்டத்தை விட்டு வரும்போது கிடைத்த இழப்பீட்டில் வாங்கிப் போட்ட நிலம். பெற்றோர் தங்கள் பெயரிலிருக்கும் வீட்டைப் பிள்ளைக்கு அன்பளிப்பாக மாற்றித் தந்தால், 2023 ஏப்ரல் முதல், முதல் ஒரு மில்லியன் மதிப்பு வரை முத்திரை வரியே இல்லை. அப்படி வந்த வீட்டை விற்றோ வங்கியில் அடகு வைத்தோ பெரிய வீட்டுக்குப் போனவர்கள் நிறைய. “நாங்களே உழைச்சு வாங்கினோம்” என்றுதான் விருந்தில் சொல்வார்கள். பொய்யென்று சொல்ல மாட்டேன், உழைப்பும் இருக்கும்.

மூன்றாவது, வெளியே தெரியாத சம்பளங்கள். கல்யாணம் ஆகாத தம்பி ஒருவர் அதே வீட்டில் இருந்துகொண்டு மாதம் ஆயிரம் கொடுப்பார். மாமியார் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால் நர்சரி செலவு மிச்சம். கணவர் சிங்கப்பூரில் வேலை, சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை பஸ் ஏறி வருவார். மனைவி அரசாங்க ஆசிரியை என்றால் கதையே வேறு. அரசு ஊழியர்களுக்கான எல்பிபிஎஸ்ஏ கடன் நிலையான 4 விழுக்காட்டு வட்டியில், முழு விலைக்கும் கிடைக்கக்கூடியது. வங்கி 90 விழுக்காடுதான் கொடுக்கும் என்று நாம் வெளியே நிற்கும்போது அவர்கள் உள்ளே போய்விடுவார்கள்.

நான்காவது, சும்மா கடன். 1.45 மில்லியனுக்கு 90 விழுக்காட்டுக் கடன் என்றால், 35 ஆண்டு, 4 விழுக்காட்டில் மாதம் 5,800 வரும். பதினாலாயிரம் சம்பளக்காரருக்குக் கைக்கு வருவதில் பாதி அது. கார் தவணையைச் சேர்த்தால் வங்கியின் கடைசிக் கோடு. அப்படியும் கடன் கிடைக்கும், நானே கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். திரைச்சீலைக்கும் கிச்சன் கேபினட்டுக்கும் தனிநபர் கடன் எடுத்து, விருந்து கேட்டரிங் பில்லைக் கார்டில் தேய்த்து, மூன்றாம் மாதம் தவணை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். சட்டைப்பையில் புதுவீட்டுச் சாவிக்கொத்து, அதில் வேல் வடிவத்தில் ஒரு வெள்ளி டாலர். பேசி முடிக்கும் வரை அந்த வேல் டாலரையே தடவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு விருந்துக்குப் போய்வந்த யாரோ ஒரு தம்பி அன்று இரவு உங்கள் கணவரைப் போலத்தான் தூங்காமல் கிடந்திருப்பான்.

இந்த நான்கில் உங்கள் உறவினர் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே உங்கள் கணவர் 780,000 வெள்ளிக்குப் பதில் சொல்லக் கிளம்பிவிட்டார்.

இப்போது செமினி வீடு. இந்தப் பகுதியை அவரும் படிக்கட்டும். ஐயா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மனைவியிடம் சொல்லாமல் ரசீதை ஒளித்து வைத்தது பயத்தால்தான் என்று புரிகிறது. கணக்கை மட்டும் பாருங்கள்.

“டெபாசிட் வேண்டாம்” என்றால் என்ன அர்த்தம்? ஒப்பந்தத்தில் 780,000 என்று எழுதி, 10 விழுக்காட்டை, வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர் தள்ளுபடியாகக் கழித்துக்கொள்கிறார். அப்படியானால் வீட்டின் உண்மை விலை 702,000. அதை முழுக்கக் கடனாக வாங்குகிறீர்கள். யாரும் உங்களுக்கு 78,000 வெள்ளியைப் பரிசாகக் கொடுக்கவில்லை. விலைப்பட்டியலில் முதலில் அதைச் சேர்த்துவிட்டுப் பிறகு எடுக்கிறார்கள். இரண்டு ஆண்டில் ஏதோ காரணத்தால் விற்க வேண்டி வந்தால், பக்கத்து வீடுகளும் அதே தள்ளுபடியில் போயிருக்கும், உங்கள் கடனை அடைக்கும் விலைகூடக் கிடைக்காமல் போகலாம்.

தவணைக்கு வருவோம். கடன் 35 ஆண்டு அல்லது 70 வயது, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான். உங்களுக்கு 39. ஆக 31 ஆண்டு. 702,000 வெள்ளிக்கு 4 விழுக்காட்டில் மாதம் 3,300-ஐ ஒட்டி வரும். கைக்கு வரும் 8,100-இல் வீட்டுக்கு 3,300, கார்கள், பிடிபிடிஎன், கார்டுக்குக் குறைந்தபட்சத் தவணை 450 எல்லாம் சேர்த்து 2,320, அம்மாவுக்கு 500, நர்சரிக்கு 600. மீதி 1,380. அதில் நான்கு பேர் சாப்பாடு, மின்சாரம், பள்ளி வேன், செமினியிலிருந்து நகரத்துக்கு இரண்டு பேரும் தினம் வந்து போகும் பெட்ரோல், டோல். இது எல்லாம் ஒழுங்காக நடக்கும் மாதத்தின் கணக்கு. தீபாவளி மாதத்தின் கணக்கை நான் எழுதவில்லை.

வட்டியும் நகரும். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2025 ஜூலையில் ஓபிஆர் எனும் அடிப்படை வட்டியை 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தது, சந்தோஷம். அதே ஓபிஆர் 2020-இல் 1.75-க்கு இறங்கி, 2022 மேயில் ஏறத் தொடங்கி, ஓராண்டில் 3 விழுக்காட்டுக்குப் போனதையும் பார்த்தோம். உங்கள் கடனில் வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் தவணையில் 420 வெள்ளி கூடும். 1,380-இல் 420 போனால் என்ன மிச்சம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடு எழும்பும் வரை என்ன செய்வீர்கள்? தரைவீடு என்றால் ஒப்பந்தப்படி 24 மாதம். அந்த இரண்டு ஆண்டும் கட்டுமானம் ஏற ஏற வங்கி பணத்தை விடும், விட்ட பணத்துக்கு வட்டியும் கட்ட வேண்டும். செத்தாப்பாக் வாடகை 1,500 ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். சில திட்டங்களில் இந்த வட்டியை மேம்பாட்டாளரே ஏற்பார். உங்களுடையதில் ஏற்கிறாரா? கேட்டீர்களா? “எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க” என்ற வாக்கியத்தை ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

சகோதரி, உங்கள் வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 கணக்கெடுப்பில் கோலாலம்பூர்க் குடும்பங்களின் நடு வருமானம் 10,234 வெள்ளி. பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே, பாதி மேலே. நாடு முழுதும் சேர்த்துப் பார்த்தால் 6,338. 9,400 வாங்கும் நீங்கள் “இப்படியே கிடக்கிறோம்” என்று சொல்லிக்கொள்ள வேண்டிய குடும்பம் இல்லை. நகரத்தின் நடுக்கோட்டுக்கு ஒரு படி கீழே நிற்கிறீர்கள், நாட்டின் கோட்டுக்கு நன்றாகவே மேலே. கஸானா ஆய்வுக் கழகம் போன்றவர்கள் வீட்டு விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் அதைக் கட்டுப்படியாகும் விலை என்கிறார்கள். உங்களுக்கு அது 340,000 அளவில் வரும். செமினி வீடு ஏழு மடங்கு. கோலாலம்பூரில் மூன்று மடங்குக்குள் நல்ல வீடு தேடினால் கால் தேய்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் நான் அவ்வளவு கறாராக இருக்க மாட்டேன். நாலு, நாலேகால் என்றால் உட்கார்ந்து பேசலாம்.

நாலேகால் என்றால் 480,000. செலாயாங், ரவாங், காஜாங் பக்கம் பழைய வீடுகள், செந்தூல், கெப்போங் பக்கம் பழைய அடுக்குமாடிகள். 432,000 கடனுக்குத் தவணை 2,030 வரும். இப்போது வாடகைக்குப் போவதைவிட ஐந்நூறு சொச்சம் கூடுதல். 500,000-க்குள் விலையுள்ள முதல் வீட்டுக்குப் பெயர் மாற்றுப் பத்திரம், கடன் ஒப்பந்தம் இரண்டுக்கும் முத்திரை வரி விலக்கு உண்டு. 780,000 வீட்டுக்கு மாற்றுப் பத்திரத்துக்கு மட்டும் 17,400 வெள்ளி. 2025 தொடங்கி 2027 முடிவதற்குள் ஒப்பந்தம் போட்டால், அதே 500,000 வரையுள்ள முதல் வீட்டுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை மூன்று ஆண்டுகளுக்கு வருமான வரிக் கழிவும் கேட்கலாம். விலைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அரசாங்கம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 780,000-க்குப் போனால் உங்கள் பாடு.

ஆனால் இந்த வீட்டைக்கூட இந்த மாதம் எடுக்கச் சொல்ல மாட்டேன். காரணம், இபிஎஃப் பணம் கடைசியில்தான் வரும். செஜாத்ரா கணக்கிலிருக்கும் 53,000-ஐயும் நீங்கள் எடுக்கலாம், தகுதி இருக்கிறது. எடுப்பதற்கு முதலில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். கையெழுத்தாவதற்கு 10 விழுக்காடு, அதாவது 48,000 வெள்ளி வேண்டும். கையில் இருப்பதோ 18,000. நடுவில் 30,000 வெள்ளிக்கு ஒரு பள்ளம். நம் குடும்பங்கள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். ஆ லோங், அதாவது கந்துவட்டிக்காரன், நிற்பது இந்த ஓரத்தில்தான். இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று வாங்கிய பணம் இரண்டு வருஷம் நின்ற கதைகள் என்னிடம் நிறைய. சிலர் கூட்டு (சீட்டு) பிடித்து, முதல் ஏலத்திலேயே எடுத்துக் கட்டப் பார்ப்பார்கள். கூட்டுக்குத் தடைச் சட்டம் 1971-லிருந்தே இருக்கிறது, அதிலும் “கூட்டு” என்ற நம் சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள். கூட்டுத் தலைவி ஓடிப்போனால் போலீசில் போய் என்ன சொல்வீர்கள்?

அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேறு வழி உண்டு. பழைய வீடு என்றால் விற்பவரிடம், மூன்று விழுக்காடு இப்போது, மீதி இபிஎஃப் வந்ததும் என்று வக்கீல் மூலம் எழுதிக் கேட்கலாம். அவசரத்தில் இல்லாத ஆள் ஒப்புக்கொள்வார். அதற்கும் முதலில் உங்கள் கையிருப்பு கொஞ்சம் ஏற வேண்டும். 18,000-இல் பாதியை எடுத்துக் கார்டை இன்றைக்கே முடித்துவிடுங்கள். 18 விழுக்காடு வரை வட்டி போடும் கடனை வைத்துக்கொண்டு வங்கியில் பணத்தைத் தூங்க வைப்பது வீட்டுக் கூரை ஒழுகும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. கார்டை முடித்தால் மாதம் 450 விடுபடும்.

அப்புறம் எக்ஸ்50. இதைச் சொன்னால் உங்கள் கணவருக்குக் கோபம் வரும், வரட்டும். மாதம் 1,050 வெள்ளி என்பது 31 ஆண்டு வீட்டுக் கடனாக மாற்றினால் 220,000 வெள்ளிக்குச் சமம். ஐயா, உங்கள் வீட்டின் இரண்டு அறைகள் கீழே பார்க்கிங்கில் நிற்கின்றன. விற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கடன் மீதியையும் இன்றைய விலையையும் பாருங்கள், நட்டமில்லாமல் கழன்றுகொள்ள முடிந்தால் ஒரு சின்னக் காருக்கு மாறுங்கள். விருந்துக்கு மைவியில் போய் இறங்கத் தயங்கித்தானே அதை எடுத்தீர்கள்? நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு கார் வைத்திருந்தவன்தான்.

இனி செலாயாங் வீடு.

என் அப்பா ரயில்வேயில் இருந்தார். செந்தூல் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தேன். தண்ணீர், விளக்கு, வீடு எல்லாம் ரயில்வே கொடுத்தது, அதனால் எங்கள் தெருவில் யாருமே “சொந்த வீடு” என்று யோசித்ததில்லை. தோட்டத்தில் லயத்தில் இருந்தவர்களுக்கும் அதே நிலைமை. வேலை இருக்கும் வரை கூரை உண்டு. 1988-இல் அப்பா ஓய்வு பெற்றார். கிடைத்த பணிக்கொடையில் பெரும்பகுதி அக்கா கல்யாணத்துக்குப் போனது. சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர் வெறும் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார். பத்துமலைப் பக்கம் வாடகைக்குப் போனோம். பணிக்கொடை எவ்வளவு வந்தது, கல்யாணத்துக்கு எவ்வளவு போனது, மீதி இருந்ததா என்று அப்பாவிடம் நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்பாவிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு. கேட்டிருந்தால் பத்தாயிரம் வெள்ளியை ஒதுக்கி அன்றைக்கே எங்காவது ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தபோது நான் வங்கியில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

இவ்வளவுக்கும், சேர்ந்து பேசிச் சொத்து வாங்கத் தெரியாத சமூகம் இல்லை நாம். ஐரோப்பியர் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்தபோது, 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால் மரம் வெட்டிய கூலிக்காரர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். யார் எவ்வளவு போட்டார், எவ்வளவு நிற்கிறது என்று புத்தகத்தில் எழுதியிருந்தது, எல்லாரும் பார்த்தார்கள். அதே ஆட்களின் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து செலாயாங் வீட்டைப் பற்றிப் பேச முடியவில்லை.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். மாமனார் உயில் எழுதாமல் போயிருந்தால், அவருடைய பெற்றோர் அப்போது உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு மாமியாருக்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. இறந்தவர் பெயரில் கெரான், அதாவது நிலப் பட்டா, இருக்கும் வரை அந்த வீட்டை விற்க முடியாது, வங்கியில் வைக்க முடியாது, மாமியாரால் யாருக்கும் எழுதித் தரவும் முடியாது. நாளைக்கு மாமியாருக்கும் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இரண்டு இறப்புகளின் பங்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அப்போது வரப்போகும் சண்டையோடு ஒப்பிட்டால் இன்றைக்கு வரும் சண்டை ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, இதற்காகத்தான் முதலிலேயே செலாயாங் என்றேன். முதல் வீட்டு முத்திரை வரி விலக்குக்கு, இதுவரை எந்த வீடும் உங்கள் பெயரில் இருந்திருக்கக் கூடாது. வாரிசாக வந்த வீடு, அன்பளிப்பாக வந்த வீடு, கூட்டாக வைத்திருக்கும் பங்கு எல்லாம் அதில் அடங்கும். ஆக, செலாயாங் வீட்டில் உங்கள் கணவர் பெயரில் ஒரு சின்னப் பங்கு பதிவானாலே அவர் “முதல் வீடு வாங்குபவர்” என்ற வரிசையிலிருந்து வெளியேறிவிடக்கூடும். எதை முதலில் செய்வது, யார் பெயரில் வாங்குவது, அவர் தன் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுப்பதா என்பதையெல்லாம் நில அலுவலகத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போடும் முன்பே வக்கீலிடம் கேளுங்கள். ஒரு தடவை ஆலோசனைக்குச் சில நூறு வெள்ளி ஆகும்.

அந்த வீட்டின் மேல் கண் வையுங்கள் என்று நான் சொல்வதாக மாமியார் நினைத்துவிடக் கூடாது. அது அவர் வீடு. அவர் இருக்கும் வரை அவர் அங்கே இருக்கட்டும் என்று பேச்சைத் தொடங்கும்போதே மூத்தவர் வாயால் சொல்லிவிட வேண்டும். அதைச் சொன்ன பிறகு மற்றதெல்லாம் சுலபம். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள், அவர் தனியாக இருப்பது அவருக்குப் பிடித்துத்தானா? நீங்கள் மாதம் 1,500 வாடகையும் 600 நர்சரியும் கட்டிக்கொண்டு செத்தாப்பாக்கில் இருக்கிறீர்கள், அவர் அந்த வீட்டில் ஒற்றை ஆளாக. ஒன்றரை ஆண்டு அங்கே போய் இருந்தால் 30,000 பள்ளம் தானாகவே மூடிவிடும். மாமியாரோடு ஒரே சமையலறை என்பதன் விலை என்னவென்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், அதனால் இதைக் கணக்காக மட்டும் சொல்கிறேன், கட்டளையாக இல்லை.

அண்ணன் தம்பிகளைக் கூப்பிடும்போது கணவர் தன்னுடைய கடன் தாளை முதலில் மேசையில் வைக்கட்டும். நான் வங்கியில் பார்த்த வரை, ஒருவர் தன் எண்ணைச் சொன்னதும் மற்றவர்களும் சொல்லத் தொடங்குகிறார்கள். முடிந்தால் சித்தப்பா மகனையும் ஒரு நாள் மாமாக் கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப் போய், “எப்படிடா எடுத்தே?” என்று நேராகவே கேட்கட்டும். பெருமைக்காகவாவது அவர் சொல்லுவார். சொல்லாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வீடமைப்பு விதிமுறைகளின்படி, ஒப்பந்தம் போடுவதற்கு முன் மேம்பாட்டாளர் புக்கிங் என்ற பெயரில் பணம் வாங்கவே கூடாது. ஊரெங்கும் வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல், வாங்கவில்லை என்பதை எழுத்தில் தெரிவித்து 2,000 வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்காமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள். அந்த ரசீதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா? இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ரசீதுகளில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடலாம்.